நறுக்கென்று கியர் விழ: ஆட்டோ கியர்பாக்ஸை வீட்டிலேயே மாற்றியமைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்டோ கியர்பாக்ஸின் வால்வு பாடியை, அதாவது எந்தக் கிளட்ச்சுக்கு எப்போது ஆயில் போக வேண்டும் என்று பிரித்துவிடும் பாகத்தை, நானே கழற்றி மாட்ட ஆரம்பித்த பிறகு, தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். தனித்தனியாகப் பதில் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. விட்டுப்போன அந்த ஒன்றால் ஒருவருடைய கியர்பாக்ஸ் கெட்டுப்போனால் எனக்கு மனசு கேட்காது. அதனால் எல்லாவற்றையும் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே எழுதி வைக்கிறேன்.

கியர் மாறுறதே தெரியாம வழுக்கிக்கிட்டுப் போகுது. அது நல்லதுதானே, எதுக்கு மாத்தணும்?

உட்கார்ந்திருப்பவருக்கு நல்லது. உள்ளே இருக்கும் கிளட்ச் பிளேட்டுக்கு அப்படி இல்லை. ஆட்டோ கியர்பாக்ஸில் கியர் மாறுவது என்றால், ஒரு கிளட்ச் விடுபட்டு இன்னொரு கிளட்ச்சோ பேண்டோ (சுற்றி இறுக்கும் பட்டை) ஆயில் அழுத்தத்தால் பிடிப்பது. பிடிக்க ஆரம்பித்த நொடியிலிருந்து முழுதாகப் பிடிக்கும்வரை பிளேட்டுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும். அந்த உரசல்தான் நமக்கு 'வழுவழு'வென்று தெரிகிறது. உரசும் நேரம் கூடக் கூட சூடு கூடும், பிளேட்டின் மேல்பூச்சு தேயும், ஆயில் கருகும். ஆயில் ஏறக்குறைய 80 டிகிரி செல்சியசைத் தாண்டிய பிறகு, ஒவ்வொரு 11 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் காலங்காலமாகச் சொல்லும் கணக்கு.

தொழிற்சாலையில் ஏன் மென்மையாக வைக்கிறார்கள்? வண்டி வாங்குபவர் முதல் நாளே உணர்வது குலுக்கலைத்தான், பிளேட் தேய்வதை அல்ல. நாம் செய்யப்போவது இந்த உரசல் நேரத்தைக் கொஞ்சம் குறைப்பது மட்டும்தான். முதுகில் அடிப்பதுபோல் கியர் விழ வைப்பது வேறு வேலை. அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், காரணம் கீழே வரும்.

என் வண்டியும் ஆட்டோமேட்டிக்தான். எனக்கும் இது பொருந்துமா?

டார்க் கன்வெர்ட்டரும் (எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது) பிளானட்டரி கியர்களும் உள்ள பழைய முறை ஆட்டோமேட்டிக்குக்குத்தான் இந்தப் பக்கம் முழுவதும் பொருந்தும். சிவிடி என்றால் அதில் படிப்படியான கியரே கிடையாது, பெல்ட்டும் புல்லியும்தான். ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ், கிளட்ச்சை மிதிக்கும் வேலையையும் கியரை மாற்றும் வேலையையும் இயந்திரம் செய்கிறது. இரட்டை கிளட்ச் வண்டியில் எல்லாமே கம்ப்யூட்டர் கையில். இந்த மூன்றிலும் வால்வு பாடியைத் திறந்து ஓட்டை போட எதுவும் இல்லை, தயவுசெய்து திறக்காதீர்கள்.

வீட்டில் செய்ய ஏற்றவை பெரும்பாலும் ஜெனரல் மோட்டார்ஸின் டிஎச்350, டிஎச்400, 700ஆர்4, 4எல்60இ, போர்டின் சி4, சி6, ஏஓடி, 4ஆர்70டபிள்யூ, கிரைஸ்லரின் டார்க்ஃபிளைட் போன்றவை. இவற்றுக்கு ஷிஃப்ட் கிட் என்ற உதிரிபாகத் தொகுப்பு எளிதில் கிடைக்கும், செய்தவர்களும் ஏராளம். உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று அடியில் இருக்கும் ஆயில் தட்டான பானின் வடிவத்தையும் வெளிக்கூடான கேஸில் பொறித்த குறியையும் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு கிட் வாங்குங்கள்.

ஷிஃப்ட் கிட்டுன்னு ஒரு டப்பா விக்கிறாங்களே, அதுக்குள்ள என்னதான் இருக்கு?

பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். நாலைந்து ஸ்பிரிங், சில நேரம் ஒரு புதிய செப்பரேட்டர் பிளேட் அல்லது ஒன்றிரண்டு டிரில் பிட், கேஸ்கெட், சின்னக் குண்டுகள், ஒரு விளக்கத் தாள். அந்தத் தாள்தான் டப்பாவிலேயே விலைமதிப்பானது.

வேலை மூன்று இடங்களில் நடக்கிறது. முதலாவது லைன் பிரஷர்: பிரஷர் ரெகுலேட்டர் வால்வின் ஸ்பிரிங்கை மாற்றினால் பம்பிலிருந்து வரும் மொத்த அழுத்தமும் கூடும். இரண்டாவது செப்பரேட்டர் பிளேட்: வால்வு பாடிக்கும் கேஸுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய இரும்புத் தகடு. அதிலுள்ள ஓட்டையின் அளவுதான் ஒரு கிளட்ச்சுக்கு ஆயில் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. மூன்றாவது அக்குமுலேட்டர்: ஸ்பிரிங் வைத்த ஒரு பிஸ்டன். கிளட்ச்சுக்குப் போகும் ஆயிலில் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொண்டு, அழுத்தம் சட்டென்று ஏறாமல் மெத்தைபோல் தாங்கும். இந்த மெத்தையைக் கொஞ்சம் கெட்டியாக்குவதுதான் கிட்டின் பாதி வேலை.

1990-களின் போர்டு ஏஓடிஇ, 4ஆர்70டபிள்யூ கியர்பாக்ஸ்களுக்கு 'ஜே-மாட்' என்று ஒன்று உண்டு. அந்தக் கியர்பாக்ஸின் வடிவமைப்பில் இருந்த பொறியாளர் ஒருவரே சொல்லிக்கொடுத்த முறை அது. அதில் செய்வதும் இதையேதான்: குறிப்பிட்ட ஓட்டைகளைக் குறிப்பிட்ட அளவுக்கு விரிப்பது, சில ஸ்பிரிங்குகளை மாற்றுவது அல்லது எடுப்பது.

ஏற்கெனவே கியர் ஸ்லிப் ஆகுது. கிட் போட்டா சரியாயிடுமா?

ஆகாது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. தேய்ந்த பிளேட்டுக்கு அழுத்தத்தைக் கூட்டினால் கொஞ்ச நாள் பிடிப்பதுபோல் இருக்கும், பிறகு ஒரேயடியாகப் போய்விடும். கிழிந்த சீலுக்கு அழுத்தத்தைக் கூட்டினால் கசிவுதான் கூடும்.

திறப்பதற்கு முன் டிப்ஸ்டிக்கை உருவி ஆயிலை வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். சிவப்பாகவோ லேசான பழுப்பாகவோ இருந்தால் தொடரலாம். கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் கிட்டுக்கான காசை மராமத்துக்கு ஒதுக்குங்கள். பானை இறக்கியதும் அடியில் இருக்கும் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறப் பசைபோல் மென்மையான பொடி படிந்திருந்தால் அது வழக்கமான தேய்மானம். விரலால் தடவும்போது நெருடும் துணுக்குகள் இருந்தால் உள்ளே ஏதோ உடைந்துகொண்டிருக்கிறது, அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எனக்கு மென்மை பிரச்சினை இல்ல. கியர் லேட்டா மாறுது. அதுக்கும் இதே மருந்துதானா?

இல்லை. எப்போது மாறுகிறது என்பது வேறு, எப்படி மாறுகிறது என்பது வேறு. கிட் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் தொடும்.

டிஎச்350, டிஎச்400, சி4, சி6 போன்றவற்றில் எஞ்சினிலிருந்து ஒரு வேக்குவம் குழாய் கியர்பாக்ஸில் உள்ள மாடுலேட்டர் என்ற பாகத்துக்கு வரும். வேக்குவம் குறைந்தால் 'எஞ்சின் பாரம் இழுக்கிறது' என்று கியர்பாக்ஸ் புரிந்துகொண்டு அழுத்தத்தைக் கூட்டும். குழாயில் வெடிப்பு இருந்தால் கியர் தாமதமாகவும் முரட்டுத்தனமாகவும் விழும். 'என் வண்டிக்கு யாரோ ஏற்கெனவே கிட் போட்டிருக்கிறார்கள்' என்று நம்பிக்கொண்டு வந்த ஒருவருக்குக் கடைசியில் வெடித்த ரப்பர் குழாய்தான் காரணமாக இருந்தது. குழாயை உருவினால் உள்ளே ஆயில் ஈரம் இருக்கிறதா? மாடுலேட்டரின் டயாஃபிரம் கிழிந்திருக்கிறது, கியர்பாக்ஸ் ஆயிலை எஞ்சின் குடித்துக்கொண்டிருக்கிறது.

700ஆர்4, ஏஓடி இரண்டிலும் அந்த வேலையை த்ராட்டிலோடு இணைந்த டிவி (த்ராட்டில் வால்வு) இணைப்பு செய்கிறது. 700ஆர்4-ல் அது ஒரு கேபிள். கேபிள் தளர்ந்திருந்தால் அழுத்தம் குறைந்து, கியர் சீக்கிரமாகவும் மென்மையாகவும் மாறும், சில நாளிலேயே கிளட்ச் கருகும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் கேபிளும் முழுக்க இழுபட வேண்டும். கிட் வாங்குவதற்கு முன் இந்த ஒரு சரிபார்ப்பு. பலருக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

கியர்பாக்ஸை வண்டியிலிருந்து இறக்காம செய்ய முடியுமா?

மேலே சொன்ன பெரும்பாலானவற்றில் முடியும். பான், ஃபில்ட்டர், அதற்கு மேல் வால்வு பாடி என்று கீழிருந்தே வரிசையாகக் கழற்றலாம். முதல் முறை செய்பவருக்கு ஒரு முழு நாள் ஆகும். அவசரமாக வண்டி தேவைப்படும் நாளுக்கு முந்தைய நாளில் ஆரம்பிக்காதீர்கள்.

கெட்டியான சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக் ஸ்டாண்டின் மேல் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. ஓட்டி வந்த சூட்டோடு பானைத் திறந்தாலும் கை வெந்துவிடும், ஆறட்டும். கருவிகளில் நான் விட்டுக்கொடுக்காதது இரண்டு. ஒன்று, குறைந்த அளவுகளைச் சரியாகக் காட்டும் டார்க் ரெஞ்சு: 4எல்60இ-யின் வால்வு பாடி போல்ட்டுக்கு 11 நியூட்டன் மீட்டர்தான். கை பலத்தில் முறுக்கினால் அலுமினியம் நெளிந்து, உள்ளே ஓடும் வால்வு ஒட்டிக்கொள்ளும். நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுற்றிச் சுற்றி முறுக்குங்கள். இரண்டாவது, 300 பிஎஸ்ஐ வரை காட்டும் பிரஷர் கேஜ். வேலைக்கு முன் லைன் பிரஷர் எவ்வளவு என்று தெரியாமல், வேலைக்குப் பின் எவ்வளவு கூடியது என்று எப்படிச் சொல்வீர்கள்? ரிவர்ஸில் அழுத்தம் 200-ஐத் தாண்டக்கூடும் என்பதால் சின்ன கேஜ் உதவாது.

பிளேட்டுல ஓட்டையைச் சும்மா கொஞ்சம் பெருசாப் போட்டா என்ன ஆயிடப்போகுது?

'கொஞ்சம்' என்பது இங்கே நம்மை ஏமாற்றும் சொல். ஆயில் போகும் அளவு ஓட்டையின் விட்டத்தை அல்ல, பரப்பைப் பொறுத்தது. 2 மில்லிமீட்டர் ஓட்டையை 2.5 ஆக்கினால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் பரப்பு 56 சதவீதம் கூடிவிட்டது. 3 ஆக்கினால் இரண்டேகால் மடங்கு. பெரிதாக்கிய ஓட்டையைச் சின்னதாக்க வழியில்லை, புதுப் பிளேட்தான் வாங்க வேண்டும். அதனால் கிட் தாளில் ஒரு வரம்பு கொடுத்திருந்தால் சின்ன அளவிலிருந்தே தொடங்குங்கள்.

துளையிட்ட பிறகு பிளேட்டை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்து, ஓட்டையின் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் அங்கே பிசிறு இருக்கிறது. தட்டையான சாணைக்கல்லில் இரண்டு பக்கமும் லேசாகத் தேய்த்து, கழுவி, காற்றடித்து, மறுபடியும் நகத்தை ஓட்டிப் பாருங்கள். அந்தப் பிசிறு பின்னால் உடைந்து போய் ஒரு வால்வின் இடுக்கில் உட்கார்ந்தால் ஒரு கியரே வேலை செய்யாது. துடைக்க நூல் உதிரும் துணி வேண்டாம். ஒற்றை இழை போதும் ஒரு சொலினாய்டின் (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) சல்லடையை அடைக்க.

அக்குமுலேட்டரை மொத்தமா அடைச்சுட்டா இன்னும் நறுக்குன்னு விழுமாமே?

விழும். அதோடு மற்றவையும் விழும். மெத்தையை எடுத்துவிட்டால் கிளட்ச் ஒரே அடியில் பிடிக்கும், அந்த அடி முழுவதும் ஷாஃப்ட், யூ-ஜாயின்ட், ஆக்சில், எஞ்சின் மவுண்டு வரை போகும். 700ஆர்4, 4எல்60இ-யில் சன் கியர் ஷெல் என்ற தகட்டு உருளை பலவீனமான பாகம் என்பது இதைத் திறப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். அடி வாங்கி வாங்கி அதன் கழுத்தில் விரிசல் விடும்.

பந்தய ஓட்டத்துக்கென்று உள்ளே எல்லா பாகத்தையும் பலப்படுத்தியவர்கள் அடைத்துக்கொள்ளட்டும். தினசரி ஓட்டும் வண்டிக்கு ஸ்பிரிங்கைக் கெட்டியாக்குவதே போதும். 2-வது கியர் இன்னும் பலமாகப் பிடிக்க வேண்டும் என்றால், இதே இரண்டு கியர்பாக்ஸ்களில் பேண்டை இறுக்கும் கார்வெட் சர்வோ என்ற பெரிய பிஸ்டனைப் போடலாம். கேஸின் பக்கவாட்டில் மூடியை எடுத்துச் செய்யும் வேலை, வால்வு பாடியைத் தொட வேண்டியதில்லை.

கழட்டும்போது குண்டு ஒண்ணு கீழ விழுந்துடுச்சு. எங்க இருந்து வந்துச்சுன்னே தெரியல.

எனக்கு வரும் கேள்விகளில் அதிகம் பதற்றத்தோடு வருவது இதுதான். எனக்கும் இது நடந்திருக்கிறது. போல்ட்டுகளை எடுத்து வால்வு பாடியை ஒரு பக்கம் சாய்த்தேன், ஆயிலோடு சேர்ந்து மிளகைவிடப் பெரிய ஒரு குண்டு மணிக்கட்டில் பட்டு உருண்டது. அன்று மாலை முழுவதும் அதன் இடத்தைத் தேடுவதிலேயே போனது.

அவை செக் பால்கள். ஆயில் ஒரு திசையில் தாராளமாகவும் எதிர்த் திசையில் ஓட்டை வழியாக மெதுவாகவும் போக வழிவிடுபவை. சில வால்வு பாடியின் பள்ளங்களில் இருக்கும், சில கேஸ் பக்கம் மேலே இருந்து பிளேட்டை இறக்கியதும் விழும். 4எல்60இ-யில் 3-4 அக்குமுலேட்டரின் பிஸ்டனும் ஸ்பிரிங்கும்கூட பிளேட்டுக்கு மேலே கேஸுக்குள் இருந்து கூடவே வரும். ஆகவே இரண்டு போல்ட்டைத் தளர்த்திய நிலையிலேயே விட்டு, ஒரு கையால் பிளேட்டை வால்வு பாடியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துத் தட்டையாக இறக்குங்கள். ஒவ்வொரு படியிலும் போட்டோ எடுங்கள். விழுந்த குண்டுக்கு உங்கள் மாடலின், உங்கள் ஆண்டின் மராமத்துக் கையேட்டுப் படம்தான் ஒரே துணை. ஊகித்து ஏதோ ஒரு பள்ளத்தில் போடாதீர்கள். சில கிட்டுகள் வேண்டுமென்றே ஒரு குண்டை விட்டுவிடச் சொல்லும் என்பதால் தாளையும் சேர்த்துப் படியுங்கள்.

திரும்ப மாட்டும்போது மேல் பக்கக் குண்டுகள் விழாமல் ஒட்டவைக்க அசெம்பிளி ஜெல் அல்லது வாசலின் போதும், சூட்டில் கரைந்துவிடும். பேரிங் கிரீஸ் கரையாது, போடாதீர்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கேஸ்கெட்டுகளில் 'வி', 'சி' என்று எழுத்து இருக்கும்: வி வால்வு பாடி பக்கம், சி கேஸ் பக்கம். இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் ஒன்றல்ல.

இவ்வளவு எதுக்கு, ஆயிலை மட்டும் மாத்தினாலே கியர் கெட்டியா விழும்னு சொல்றாங்களே?

டைப் எஃப் ஆயிலைச் சொல்கிறார்கள். போர்டின் பழைய தரம் அது. ஜெனரல் மோட்டார்ஸின் டெக்ஸ்ரான் ஆயில் வகையில் இருக்கும் வழுக்கல் சேர்க்கை அதில் இல்லாததால், பிடிப்பின் கடைசிக் கட்டத்தில் பிளேட்டுகள் சட்டென்று கவ்வும். டிஎச்350 போன்ற, லாக்கப் (கன்வெர்ட்டரை எஞ்சினோடு நேராகப் பூட்டும் கிளட்ச்) இல்லாத பழையவற்றில் இதைச் செய்து நன்றாக ஓட்டியவர்கள் உண்டு.

லாக்கப் கிளட்ச் உள்ள கன்வெர்ட்டரில் அதே ஆயில் நடுக்கம் கொடுக்கும். மின்னணு கியர்பாக்ஸில் தயாரிப்பாளர் சொன்ன ஆயிலைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

திரும்ப எவ்வளவு ஆயில் ஊத்தணும்?

வெளியே வந்ததை அளந்து, அதே அளவு. 4எல்60இ-யில் பானை இறக்கினால் ஏறக்குறைய 5 லிட்டர் வரும். மீதி கன்வெர்ட்டரில் தங்கியிருக்கும். சூடான பிறகு பார்க் நிலையில் எஞ்சின் ஓடும்போது அளவு பாருங்கள். பழைய டார்க்ஃபிளைட்டுக்கு நியூட்ரலில், ஹோண்டாவுக்கு எஞ்சினை நிறுத்திய உடனே என்று முறை மாறும். டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டிக்குக் கையேட்டில் சொன்ன வெப்பநிலையில் செக் பிளக் வழியாக. அளவு கூடினாலும் கெடுதல்தான்: சுழலும் பாகங்கள் ஆயிலை நுரைக்க அடித்துவிடும்.

கம்ப்யூட்டர் வச்ச கியர்பாக்ஸுக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டா போதும்னு ஒருத்தர் சொன்னார். உண்மையா?

பாதி உண்மை. 4எல்60இ-யின் பிரஷர் கண்ட்ரோல் சொலினாய்டு தலைகீழாக வேலை செய்யும்: மின்னோட்டம் சுழியானால் அழுத்தம் உச்சம், 1.1 ஆம்பியர் அளவில் அழுத்தம் குறைவு. ரெசிஸ்டர் மின்னோட்டத்தைக் குறைப்பதால் அழுத்தம் கூடும். ஆனால் எப்போதும் கூடும், மெதுவாகப் போகும்போதும். கம்ப்யூட்டர் தான் கேட்ட மின்னோட்டம் வரவில்லை என்று கண்டுபிடித்து பி0748 என்ற பழுதுக் கோடு போட்டு எச்சரிக்கை விளக்கையும் எரிய விடலாம்.

மென்பொருளில் டியூன் செய்வது இதைவிட ஒழுங்கான வழி. எவ்வளவு மிதிக்கும்போது எவ்வளவு அழுத்தம் என்று தனித்தனியாகக் கூட்டலாம். கியர் மாறும் நொடியில் எஞ்சினின் பலத்தைக் குறைக்கும் ஏற்பாட்டையும் அதில் பார்ப்பீர்கள். அதை முழுக்க அணைத்துவிடாதீர்கள், கிளட்ச்சைக் காப்பதற்காகத்தான் அது இருக்கிறது.

மாட்டின முதல் வாரம் சூப்பரா இருந்துச்சு. இப்ப பழையபடி வழுவழுன்னு ஆயிடுச்சே?

உங்கள் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டுவிட்டது. பல மின்னணு கியர்பாக்ஸ்கள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எவ்வளவு நேரம் எடுத்தது என்று அளந்து, தனக்குச் சொல்லிவைத்த நேரத்தைவிடக் குறைந்தால் அடுத்த முறை அழுத்தத்தைக் குறைக்கும். ஸ்கேனரால் கற்ற மதிப்புகளை அழித்துப் பாருங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றுவது எல்லா வண்டியிலும் பலிக்காது. அழித்த பிறகும் திரும்பினால், இலக்கு நேரத்தையே டியூனில் குறைக்க வேண்டும். ஸ்கேனரில் 1-2 மாறும் நேரம் தெரியும் வண்டி என்றால் அதைக் குறித்து வையுங்கள். அரை வினாடி என்றால் மென்மை, கால் வினாடியை ஒட்டினால் நல்ல பிடிப்பு என்பது என் பழக்கத்துக் கணக்கு.

வேகமாப் போகும்போது நல்லா இருக்கு. ஆனா மெதுவா ஊர்ந்து போகும்போது ஒவ்வொரு கியரும் இடிக்குது.

அடிப்படை அழுத்தம் தேவைக்கு மேல் போய்விட்டது. பிரஷர் ரெகுலேட்டரின் கெட்டியான ஸ்பிரிங்கையும் பெரிய ஓட்டையையும் கெட்டியான அக்குமுலேட்டர் ஸ்பிரிங்கையும் ஒரே நாளில் போட்டவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. எது காரணம் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. முதலில் டிவி கேபிளும் மாடுலேட்டர் குழாயும் சரியா என்று பாருங்கள். பிறகு கேஜை மாட்டி ஐடிலில் படியுங்கள். வேலைக்கு முன் எழுதிவைத்த எண்ணைவிட நிறைய கூடியிருந்தால் ரெகுலேட்டர் ஸ்பிரிங்கைப் பழையதாக்குங்கள், மற்ற இரண்டையும் தொடாதீர்கள். கூடவில்லை என்றால் அக்குமுலேட்டர் ஸ்பிரிங். ஓட்டையைக் கடைசியாக வையுங்கள், அதுதான் திரும்பப் பெற முடியாதது.

4எல்60இ-க்கு கிட் போட்டு ஆறு மாசம் ஆச்சு. திடீர்னு ரிவர்ஸ் இல்ல, 2 இல்ல, 4 இல்ல. 1-ம் 3-ம் மட்டும் இருக்கு. குண்டு மாறிப் போட்டுட்டேனா?

குண்டு மாறியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். இந்த மூன்றும் ஒன்றாகப் போய் 1-ம் 3-ம் மட்டும் மிஞ்சினால், நான் முதலில் சந்தேகிப்பது அக்குமுலேட்டர் கேள்வியில் சொன்ன சன் கியர் ஷெல்லைத்தான். ரிவர்ஸ், 2, 4 மூன்றுமே அந்த ஒரே ஷெல் வழியாகத்தான் போகின்றன. பானை இறக்கிக் காந்தத்தைப் பாருங்கள், இரும்புத் துணுக்குகள் இருந்தால் சந்தேகம் உறுதியாகும். வால்வு பாடியை மறுபடி திறப்பதில் பயனில்லை. இது கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டிய வேலை. பிரிக்கும்போது பலப்படுத்திய ஷெல் போடச் சொல்லுங்கள், உள்ளிருந்து வந்த துணுக்குகள் தங்கியிருக்கும் கூலரையும் அதன் குழாய்களையும் மாட்டுவதற்கு முன் கழுவச் சொல்லுங்கள். அக்குமுலேட்டரை அடைத்து வைத்திருந்தால், அதே கையோடு ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.